மிதவையில் கட்டிய கொலுசு

என் மனைவி யாரைச் சந்தித்தாலும் முதலில் கேட்பது, எந்த ஊர் என்பதைத்தான். எல்லாரும் கேட்கிற கேள்வி அது. ஆனால் மற்றவர்கள் ஊர்ப்பெயரைக் கேட்டதும் நகர்ந்துவிடுவார்கள், அவள் நகரமாட்டாள். பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்கு மீன் வாங்கப் போனவள் ஒரு மணி நேரம் கழித்து, மீன் இல்லாமல், யாரோ ஒருவருடைய வாழ்க்கை முழுவதையும் சுமந்துகொண்டு திரும்பிவந்த நாட்கள் உண்டு. அவள் இறந்து ஓராண்டு ஆகிறது. இப்போது கடைத்தெருவில் எனக்கு மீன் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

நான் கல்லூரிகளில் வரலாறு கற்பித்தவன். ஓய்வு பெற்றபின் இருவரும் இந்த ஊருக்கே திரும்பி, என் தகப்பனார் விட்டுச்சென்ற வீட்டில் குடியேறினோம். எங்கள் குடும்பம் இங்குள்ள பழைய முஸ்லிம் வணிகக் குடும்பங்களில் ஒன்று. எங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து விரட்டப்பட்டு, மரக்கலமேறி வந்து இந்தக் கரையில் இறங்கியவர்கள் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். அந்தக் கதையில் எவருக்கும் பசியில்லை, எவரும் வாந்தியெடுக்கவில்லை, கரையில் நின்றவர்களிடம் எவரும் கெஞ்சவில்லை. தலைமுறை தலைமுறையாகத் துடைத்து வைத்த கதை. அதைச் சொல்வதில் எனக்குப் பெருமை இருந்தது. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வேன்.

ஒருநாள் விருந்தாளிகள் போனபின் என் மனைவி கேட்டாள்:

"உங்க ஆளுங்க வந்த கதைய இதோட எத்தன தடவ கேட்டாச்சு. இப்ப வந்தவங்க கதைய யாருங்க கேக்குறது?"

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகை தொடங்கியது. மாலை அசர் தொழுகை முடிந்த பின்னர் எங்கள் வீட்டு முன்கூடத்தில் பாய் விரிப்பாள். தேநீரும் வெங்காய சமோசாவும் உண்டு. விதி ஒன்றே ஒன்று: வெளியிலிருந்து வந்து இந்த ஏரிக்கரையில் தங்கியவர்கள் பேசவேண்டும், இங்கேயே பிறந்தவர்கள் கேட்கவேண்டும். ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தீவிலிருந்து குடும்பத்தோடு எழுப்பி அனுப்பப்பட்ட மூதாட்டி ஒருவர் வருவார். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக அவர் பேசினால் கூடம் சிரிப்பில் அதிரும்.

"ராக்கெட்டுக்கு எங்க ஊட்டயே குடுத்தவ நானு. அது ஒவ்வொரு தபா மேல போறப்பவும், எங்க நைனா கட்டுன அடுப்புலேர்ந்துதான் கெளம்புதுனு நெனச்சுக்குவேன். ஒரு தபாவாவது அந்த ராக்கெட்டுகாரன் ஒரு டீத்தண்ணி குடுத்தானா? இந்த அம்மாதான் குடுக்குது."

ஒடிசாவிலிருந்து ஐஸ் ஃபாக்டரி வேலைக்கு வந்த இளம் தம்பதி, பாதிக் கதையைக் கையாலேயே சொல்லிவிட்டு வெட்கப்படுவார்கள். ஒருவர் கதைக்கு இன்னொருவர் அழுவார். அழுதவரை மூதாட்டி கேலி செய்வார்.

அந்தக் கூடத்தில் எனக்கென்று ஒரு வேலை இல்லை. பிறந்த ஊர்க்காரன் என்பதால் பேசும் உரிமையும் இல்லை. ஆகவே எழுதிவைக்கும் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். நீளமான நோட்டு ஒன்று வாங்கினேன். சொல்பவரின் வாயிலிருந்து நேராக வந்ததை மட்டுமே எழுதுவது. ஒருவர் கூறியதாக மற்றொருவர் கூறுவதை ஏற்காமலிருப்பது. இந்த ஒழுங்கை முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். என் வீட்டுக் கூடத்திலும் அதைக் கடைப்பிடித்தேன்.

மன்னாரிலிருந்து வந்த அகதிக் குடும்பம் ஒன்று அப்போது ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வாடகைக்கு இருந்தது. கணவர், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரே மகள். முகாமில் அனுமதி பெற்றுத்தான் இங்கே தங்கியிருந்தார்கள். கணக்கெடுக்கும் நாட்களில் மூவரும் விடியலில் பஸ் பிடித்து முகாமுக்குப் போய், பெயர் கூப்பிடும்போது நின்றுவிட்டு வருவார்கள். அவர் அங்கே சொந்தப் படகு வைத்து மீன்பிடித்தவர். இங்கே பிறருடைய வலைக்குக் கூலியாள். என் மனைவி கடைத்தெருவில் அவருடைய மனைவியைப் பிடித்தாள்; அடுத்த ஞாயிறு மூவரும் எங்கள் கூடத்தில் இருந்தார்கள்.

அவர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் வாய் திறந்தார். தாழ்ந்த குரலில், தன் கைகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாங்கள் எட்டுப் பேர் சேர், ஒரு சின்னப் போட். இந்தியக் கரை கிட்டடியிலை எண்டு நினைச்சுக்கொண்டு வாறம். திடீரெண்டு மெசின் நிண்டு போச்சு. பாத்தால், ஆரின்ரையோ வலை மெசின் ஃபேனிலை சுத்திப் போட்டுது. பின்னாலை நேவிக்காரன் வெளிச்சம் அடிச்சுக்கொண்டு வாறான். கழட்ட நேரம் இருக்கேல்லை. கத்தியை எடுத்து அறுத்துப் போட்டன்."

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ரை கையாலை ஒரு தொழிலாளியின்ரை வலையை அறுத்தது அண்டைக்குத்தான். அந்த வலைக்காரன் காலமை வந்து பாத்து என்ன சொல்லியிருப்பான் எண்டு இப்பவும் யோசிக்கிறனான்."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளாக எத்தனையோ ஆவணங்களைப் படித்தவனுக்கு, இப்படி ஒரு வாக்கியம் எப்போதாவதுதான் கிடைக்கும் என்று தெரியும். எழுதி முடித்து அடிக்கோடிட்டேன். அவருடைய மனைவி அப்போது தலைகுனிந்து மகளின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். கண்டதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டில்தான் அவருக்கு ஒரு வழி திறப்பது போலிருந்தது. ஏரியில் இறால் வரும் வழிகளில் நினைத்தவர் நினைத்தபடி வலை கட்டமுடியாது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் கட்டுவது என்பதைக் குப்பத்தார் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு முறையில் பங்குள்ளவன் ஊரின் மனிதன். பங்கில்லாதவன் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் கூலிதான். பங்குள்ள முதியவர் ஒருவருக்கு மகன் இல்லை; முழங்கால் போய்விட்டது. தம் இடத்தில் இந்த மனிதர் நின்று வலை கட்டட்டும் என்று அவர் முன்வந்தார். இந்த ஊரில் அது அரிதான காரியம். ஊர்க்கூட்டம் ஒப்பவேண்டும். கூட்டத் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"பாய் சார், ஆளு நல்ல ஆளுதான். ஆனா யாரு, எங்கேர்ந்து வந்தாரு, இன்னா பண்ணிகினு இருந்தாருனு நாலு பேருக்குத் தெரியணும். அவரையே பேசச் சொன்னா, ரேடியோல நியூஸ் படிக்கிற மாதிரி கீது, நம்ப பசங்க சிரிச்சிடுவானுங்க. நீங்க எல்லாம் எழுதி வச்சிகிறீங்களாமே. அத்த வந்து படிச்சிடுங்க."

நான் ஒப்புக்கொண்டேன். மகிழ்ச்சியோடுதான் ஒப்புக்கொண்டேன். குறிப்புகளை ஐந்து பக்கக் கட்டுரையாக எழுதினேன். வலை அறுத்த இடத்துக்கு முழுப் பத்தி ஒன்றை ஒதுக்கினேன். உயிரைக் காக்கத் தன் தொழிலின் அறத்தைத் தானே மீறவேண்டி வந்த மனிதனின் வேதனை என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. அதை மூன்று முறை திருத்தினேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை அதை மனைவிக்குப் படித்துக்காட்டினேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அந்த வலைய அறுத்த எடத்த மட்டும் விட்டுடுங்க."

"ஏன்?"

"கேக்கப்போறவங்க வலைக்காரங்க."

"அவரே கூடத்துல எல்லார் முன்னாடியும் சொன்னதுதானே. அத எடுத்துட்டா அது அவர் கதையா இருக்காது."

"அப்ப மீதியையும் சேத்து எழுதுங்க."

மீதி என்னவென்று கேட்டேன். அன்று காலை அடுக்களையில் இறால் உரிக்கும்போது அந்தப் பெண் சொன்னதாம். கணவன் படகின் பின்புறம் குனிந்து வலையை அறுத்துக்கொண்டிருந்தபோது, அவள் மடியில் இருந்த குழந்தையின் காலிலிருந்து வெள்ளிக் கொலுசு இரண்டையும் கழற்றி, தன் சேலை முந்தானையைக் கிழித்துச் சுற்றி, அறுபட்ட வலையின் மிதவையில் கட்டிவிட்டாள். வலைக்காரன் காலையில் வந்தால் அவனுக்குக் கிடைக்கட்டும் என்று. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் மீனவர் வீட்டில். வலை என்றால் என்னவென்று அறிந்தவள். கொலுசு கணவனுடைய தாய் பேத்திக்குப் போட்டது. கடலில் விழுந்துவிட்டது என்று கணவனிடம் சொல்லியிருந்தாள். அவரும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார்.

"அவருக்குத் தெரியாம இருக்கறத நாம எப்படிச் சொல்றது?" என்றேன்.

"அவகிட்ட கேட்டுட்டேன். நாளைக்கு அது அவருக்கு உதவும்னா தெரிஞ்சா தெரியட்டும்னு சொல்லிட்டா."

"அவ உன்கிட்ட சொன்னா. கூடத்துல சொல்லல. என்கிட்ட சொல்லல. ஒருத்தர் சொன்னதா இன்னொருத்தர் சொல்றத நான் எழுதுறதில்ல. உனக்கே தெரியும்."



"நான் இன்னொருத்தரா?" என்றாள்.

நாற்பத்தொரு ஆண்டு மணவாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்ட கேள்விகளில் நான் பதில் சொல்லாதது அது ஒன்றுதான். தாளை மடித்து உறையில் வைத்தேன்.

மறுநாள் காலை அவள் வழக்கத்தைவிட முன்னதாக மீன் வாங்கப் போனாள். மீன் இல்லாமல் திரும்பினாள். இன்று யாருடைய கதையோ என்று நினைத்துக்கொண்டு சட்டை மாற்றினேன்.

கூட்டம் குப்பத்துக் கோயிலின் முன் இருந்த கொட்டகையில் நடந்தது. ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வழக்கப்படி எட்டி, கவிழ்த்துப்போட்ட படகுகளின் பக்கம் நின்றார்கள். அவர்களுக்கு அங்கே கேட்க இடமுண்டு, பேச இடமில்லை. என் மனைவியும் அந்தப் பெண்ணோடு அங்கேதான் நின்றாள். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி.

"பாய் சார் வந்துட்டாரு. எல்லாரும் செல்ல ஆஃப் பண்ணுங்கடா, இல்லாங்காட்டி ஃபெயிலு போட்டுடுவாரு" என்று ஒருவர் சொல்ல, "இவன் அஞ்சாவதுலயே மூணு தபா ஃபெயிலு, இவனுக்கு இன்னா பயம்" என்று இன்னொருவர் சொல்ல, கொட்டகை முழுவதும் சிரித்தது. அகதியாக வந்தவரும் சிரித்தார். சலவைச் சட்டை அணிந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் அருகில் முழங்கால் போன முதியவர், கம்பை மடியில் வைத்துக்கொண்டு.

நான் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரல் தாழவேண்டும் என்பது எனக்குப் பழகிய வித்தை. வலை அறுத்த பத்திக்கு வந்தபோது கொட்டகை முற்றிலும் அமைதியானது. அந்த அமைதியை நான் வகுப்பறையில் அறிவேன். சொல்லில் ஆழ்ந்துபோனவர்களின் அமைதி அது. அப்படித்தான் எண்ணினேன். அந்த வேதனை வாக்கியத்தை இன்னும் மெதுவாக வாசித்தேன். இன்றும் அதை நினைக்கும்போது என் குரலே என் காதில் விழுகிறது.

முடித்து உட்கார்ந்தேன்.

"இன்னாது, வலைய அறுத்தாரா?" என்றது ஒரு குரல்.

"நேவிக்காரன் தொரத்திகினு வந்திருக்கான்டா."

"எவன் தொரத்துனா இன்னா? காலீல வந்து பாத்தவன் ஊட்ல அன்னிக்கு அடுப்பு எரிஞ்சிருக்குமா?"

"நம்ப வலையா அது? ராமேசுவரத்து ஆளுங்க வலை."

"யாரு வலையா இருந்தா இன்னா, வலை வலைதானே!"

தலைவர் கையை உயர்த்தினார். குரல்கள் அடங்கின. அவர் அகதியாக வந்தவரைப் பார்த்துக் கேட்டார்:

"அறுத்தது நெசந்தானாப்பா?"

"ஓம். அறுத்தனான்."

"அடையாளம் எதுனா கட்டிட்டு வந்தியா?"

அந்த வழக்கத்தை நான் அன்றுதான் அறிந்தேன். ஏரியிலானாலும் கடலிலானாலும், வேறு வழியில்லாமல் பிறர் வலையை அறுக்க நேர்ந்தால், தன் துண்டையோ, தன் பொருள் எதையோ மிதவையில் கட்டிவிட்டு வரவேண்டும். அறுத்தவன் ஓடி ஒளியவில்லை, பதில் சொல்ல இருக்கிறான் என்பதற்கு அது சாட்சி. கட்டியவன் தவறு செய்தவன் ஆகமாட்டான். கட்டாதவன் திருடனுக்குச் சமம்.

"இல்லை. நேரம் இருக்கேல்லை" என்றார் அவர். அவர் அறிந்த உண்மை அவ்வளவுதான்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். அவசரப்படாமல் கேட்டார்:

"சார், வேற எதுனா கீதா? சொல்ல வேண்டியது எதுனா?"

படகுகளின் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் மனைவியின் முகத்தைப் பார்த்திருப்பேன். கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அதில் இல்லாததைச் சொல்வது, வாசித்த ஐந்து பக்கங்களையும் நானே ஐயத்துக்குள்ளாக்குவதாகும் என்று பட்டது. ஒழுங்கு என்று அதற்கு நான் பெயரிட்டுக்கொண்டேன்.

"எழுதியிருக்கிறது இவ்வளவுதான்" என்றேன்.

தலைவர் என்னை மேலும் சற்று நேரம் பார்த்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்தார். கை தூக்கச் சொன்னார். தூக்கிய கைகள் போதவில்லை. முதியவர் கம்பை ஊன்றி எழுந்து, யாரிடமும் பேசாமல் போனார். அடுத்து ஐஸ் பெட்டி வாடகை பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் இருந்த அடுத்த ஏழு ஆண்டுகளிலும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பாய் விரித்தாள், தேநீர் போட்டாள். நான் நோட்டோடு வந்து உட்கார்ந்ததும், "அது வேணாங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நான் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். ஆனாலும் செய்தி பரவியிருந்தது. தீவு மூதாட்டி வந்தார், சமோசா தின்றார், எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசினார். "நம்ப வாயால வர்ரது எந்தக் கூட்டத்துல போயி நிக்குமோ" என்று ஒடிசாப் பெண்ணிடம் சொன்னார். என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார். சில மாதங்களில் கூடுகை நின்றுபோனது.

அகதிக் குடும்பம் அந்த மாதமே முகாமுக்குத் திரும்பியது. அவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஏரிப்பக்கம் வரவில்லை. என் மனைவி மட்டும் அவ்வப்போது திருப்பாலைவனம் வழியாகப் பஸ் மாறி மாறி முகாமுக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்து வருவாள். ஒருமுறை என்னையும் கூப்பிட்டாள். தேர்வுத்தாள் திருத்தும் வேலை ஒன்று வந்திருக்கிறது என்றேன். வந்திருந்தது உண்மைதான், அவசரமில்லை. நோயில் படுத்த பிறகும், "ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள். அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து மையவாடிக்கு.

மூன்றாம் நாள் அவர்கள் வந்தார்கள், மூவரும். மகள் வளர்ந்து நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் உள்ளே பெண்களிடையே போய் அழுதாள். அவள் அழுகை முன்கூடம் வரை கேட்டது. அவர் என் அருகில் உட்கார்ந்தார். விரல் இடுக்குகளில் வெள்ளைப் பெயிண்ட் உலர்ந்திருந்தது. முழங்காலில் கைகளை வைத்தபடி, பேசாமல், நெடுநேரம் இருந்தார். வேறு யாரும் எனக்கு அப்படித் துணையிருக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் பேசினார்கள்.

புறப்படும்போது அந்தப் பெண் என்னிடம் வந்தாள். நான் சொன்னேன்:

"கொலுசு விஷயம் அன்னைக்கே எனக்குத் தெரியும்மா. அவ சொன்னா. நான்தான் சொல்லல."

அவள் முந்தானையால் முகம் துடைத்தாள்.

"தெரியும் சேர். அக்கா எல்லாம் சொன்னவ. இவருக்கும் கூட்டம் முடிஞ்ச அண்டைக்கே நான் சொல்லிப் போட்டன்."

"என்ன சொன்னார்?"

அவள் வாசலைப் பார்த்தாள். அவர் அங்கே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கொலுசைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. சேருக்கு இது தெரியுமோ எண்டு மட்டும் கேட்டவர். ஓம் எண்டன். பிறகு அதைப்பற்றிக் கதைக்கிறேல்லை."

அவளுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த மறுநாள் நான் குப்பத்துக்குப் போனேன். கூட்டத் தலைவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். இப்போது தலைமை அவரிடம் இல்லை என்றாலும் ஊர் அவர் சொல்லைக் கேட்கும். அருகில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து என்னை உட்காரச் சொன்னார். கொலுசின் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. நான் முடித்ததும் சொன்னார்:

"எனக்குத் தெரியும் சார்."

"எப்படி?"

"கூட்டத்தன்னைக்குக் காலீல அம்மா வந்தாங்க. எங்க ஊட்டுக்காரிகிட்ட எல்லாம் சொன்னாங்க. நானும் உள்ளாற ஒக்காந்து கேட்டுகினுதான் இருந்தேன்."

மீன் இல்லாமல் திரும்பிவந்த அந்தக் காலை எனக்கு நினைவுக்கு வந்தது.

"அப்புறம் ஏன் நீங்க சொல்லல?"

இப்போது அவர் வலையை மடியில் விட்டார்.

"பொம்பளைங்க சொல்லி அனுப்பிச்சத நான் எடுத்துவுட்டா, அவனுக்கு வேண்டி நானே கதை கட்டறேன்னு சொல்லுவானுங்க. காயிதம் கொண்டாந்தவரு நீங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த சேக்கறதுனா உங்க வாயாலதான் வரணும். அதாங்காட்டிதான் அவனாண்ட அடையாளம் கட்டினியானு மொதல்ல கேட்டேன். அப்பால உங்களாண்ட, வேற எதுனா கீதானு கேட்டேன். வழி உட்டேன் சார். நீங்க இல்லனுட்டீங்க."

நான் ஏரியைப் பார்த்தேன். இரண்டு பேர் வலைக்கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அந்த முழங்கால் போன முதியவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் இடம் அவருடைய தம்பி மகனுக்குப் போய்விட்டது. இனி யார் ஒப்பினாலும் அந்த இடம் இல்லை.

"அடுத்த வருசம் சொல்லுவீங்கனு பாத்தேன்" என்றார் அவர். "அதுக்கு அடுத்த வருசமும் பாத்தேன். அப்பால உட்டுட்டேன்."

"இப்ப சொன்னா?"

"இப்ப சொல்லி இன்னா சார்? அவரு பெயிண்டு அடிக்கிறாரு." பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, குரலை மாற்றிக்கொண்டார். "பாடு கெடைக்காது. ஆனா வலைய அறுத்தவன்னு இங்க ஒரு பேரு கீதே, அது போவும். வாங்க."

குலுக்கலுக்கு முன் நடக்கும் ஆண்டுக்கூட்டம் சென்ற வாரம் நடந்தது. நான் தாள் கொண்டுபோகவில்லை. அன்று முகாமில் கணக்கெடுப்பு நாள், அழைத்தும் அவரால் வரமுடியவில்லை. அது உண்மையான காரணம் என்றே எடுத்துக்கொண்டேன். அதே கொட்டகை. புதிய தலைவர் இளையவர்; முன்பு செல்லை அணைக்கச் சொல்லி என்னைக் கேலி செய்தவர். இம்முறை கேலி செய்யவில்லை. "பாய் சார் ஒரு வார்த்த பேசணுமாம்" என்றார்.

எழுந்து நின்றேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒன்றை வாசித்தேன், அதில் பாதியை விட்டுவிட்டேன், தெரிந்தே விட்டேன் என்றேன். அறுபட்ட வலையின் மிதவையில் அந்தக் குடும்பத்தின் அடையாளம் கட்டப்பட்டிருந்தது, குழந்தையின் கால்கொலுசு இரண்டு என்றேன். இதை எனக்குச் சொன்னவள் என் மனைவி என்றும் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. குரல் எங்கே தாழவேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. 

"கொலுசு கட்டிச்சா அந்தம்மா?" என்று யாரோ கேட்டார்கள். "ரெண்டையுமா?" என்றது இன்னொரு குரல். பழைய தலைவர் பின்வரிசையிலிருந்து, "கேட்டுகினீங்கல்ல? இனிமே அந்த ஆள யாரும் அந்தப் பேரு சொல்லக்கூடாது" என்றார். பல தலைகள் அசைந்தன. "சரி சார், ஒக்காருங்க" என்றார் இளைய தலைவர். அடுத்து குலுக்கலுக்குச் சீட்டு எழுதுவது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். படகுகளின் பக்கம் பெண்கள் நின்றிருந்தார்கள். இம்முறை அந்தப் பக்கம் பார்த்தேன்.

மறுநாள் அவருக்குத் தொலைபேசினேன். எங்கோ ஒரு காலி வீட்டில் இருந்தார் போலிருக்கிறது, குரல் எதிரொலித்தது. சுவரில் பழைய பெயிண்டைச் சுரண்டும் ஓசை இடையறாமல் கேட்டது. கூட்டத்தில் சொல்லிவிட்டேன் என்றேன். யார் என்ன சொன்னார்கள் என்பதையும் சொன்னேன்.

"நல்லது சேர்" என்றார். சுரண்டுவது நிற்கவில்லை. "மனுசிக்கும் சொல்லுறன். சந்தோசப்படுவா."

 நான் தொலைபேசியை வைக்கவில்லை. அவர் காத்திருந்து, எந்தக் குத்தலும் இல்லாத குரலில் கேட்டார்:

"வேறை ஏதும் இருக்கோ சேர்?"

"இருக்கு" என்றேன்.

சுரண்டும் ஓசை நின்றது.